சுலபமாக வந்த கேள்விகள்

மூன்றாம் வகுப்பு டீச்சருக்கு அன்று தொண்டை கட்டிப்போயிருந்தது. பகலெல்லாம் பிள்ளைகளிடம் கத்தியது போதாதென்று சாயங்காலம் பெற்றோர் கூட்டம் வேறு. பிள்ளைகளாவது ஓர் அதட்டலுக்கு அடங்கும். பெற்றவர்கள் எதற்கு அடங்குவார்கள்? குட்டி நாற்காலிகளில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்து, ஆளுக்கொரு தேர்வு முடிவுத்தாளைப் பிடித்துக்கொண்டு, ஏதோ கொலை செய்தவளைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்தார்கள்.

தேர்வை வைத்தது அவளா? எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் ஒரே பொதுத்தேர்வு, அதுவும் கம்ப்யூட்டரில் என்று மேலிடத்தில் யாரோ முடிவெடுத்தார்கள். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்! திட்டு வாங்கக் கையெட்டும் தூரத்தில் இருந்தது அவள்தான்.

"வீட்ல கேட்டா டாண் டாண்ணு பதில் சொல்றான். இங்க மட்டும் பாதிக்குப் பாதி தப்புன்னா எப்படி டீச்சர்?" என்று ஆரம்பித்தாள் வங்கியில் வேலை பார்க்கும் ஓர் அம்மா. "கேள்வி போகப் போகக் கஷ்டமாயிடுச்சுன்னு அழுதுகிட்டே வந்தான். மூணாங்கிளாஸ் பிள்ளைகிட்ட அஞ்சாங்கிளாஸ் பாடத்தைக் கேட்டா அது என்ன நியாயம்?"

"எங்க வீட்லயும் இதே கூத்துதான்" என்றார் பக்கத்திலிருந்த பேக்கரிக்காரர்.

சொன்னதையே சொல்லிச் சொல்லி அவளுக்கே அலுத்துவிட்டது. கரும்பலகையில் ஒரு மாடிப்படி வரைந்தாள்.

"எல்லாப் பிள்ளைக்கும் முதல் கேள்வி நடுப்படியிலதான். சரியா சொன்னா கம்ப்யூட்டர் ஒரு படி மேல ஏத்தும், கஷ்டமா கேக்கும். தப்பா சொன்னா ஒரு படி இறக்கும். பிள்ளை எந்தப் படியில நிக்குதுன்னு பார்க்கறதுதான் அதோட வேலை. அதனால கேள்வி கஷ்டமாயிட்டே போனா, உங்க பிள்ளை ஏறிட்டே போகுதுன்னு அர்த்தம். அதுக்குப் போய் யாராவது அழுவாங்களா?"

வங்கி அம்மாவுக்கு வாயெல்லாம் பல். "அடக்கடவுளே, இது தெரியாம அவனைப் போட்டுத் திட்டித் தீர்த்துட்டேனே!" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அப்பாடா, வீட்டுக்குப் போய்க் காலை நீட்டிப் படுக்கலாம் என்று டீச்சர் பலகையைத் துடைக்கத் திரும்பினாள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கலாமா?"

கடைசி வரிசையில் பஸ் டிரைவர். வேலையிலிருந்து நேரே வந்திருந்தார், சீருடைகூட மாற்றவில்லை. அதுவரை வாயே திறக்காத மனிதர்.

"போகப் போக ஈஸியாயிட்டே வந்தா?"

டீச்சர் பலகையை விட்டுத் திரும்பினாள். தேர்வன்று மற்ற பிள்ளைகள் மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே வந்தபோது இவருடைய மகள் மட்டும் குதித்துக்கொண்டு வந்தது கண்முன் நின்றது. 'எனக்கு மட்டும் எல்லாம் ஈஸி டீச்சர்!' என்று டீச்சரின் கையைப் பிடித்து ஆட்டினாள். அச்சடித்துக் கொடுத்த குறிப்பைத் தவிர ஒரு வார்த்தையும் பிள்ளைகளிடம் பேசக்கூடாதென்பது தேர்வு விதி. அதனால் படிக்கட்டு விஷயம் எந்தப் பிள்ளைக்கும் தெரியாது. தெரிந்த டீச்சரோ, 'சமத்து' என்று கன்னத்தைத் தட்டி அனுப்பியிருந்தாள்.

ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு மாதிரி என்று மழுப்பிவிட்டுப் போயிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் திங்கட்கிழமை அந்தப் பிள்ளையை வகுப்பிலிருந்து எழுப்பி, எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்களோடு உட்காரவைக்கப் போகிறார்களே! எல்லார் முன்னாலும் பிள்ளை அதைத் தெரிந்துகொள்வதைவிட இப்போதே தெரிந்துகொள்வது மேல். "கொஞ்சம் இருங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு மற்றவர்களை அனுப்பினாள்.

"அவ இறங்கிட்டே வந்திருக்கா" என்றாள், சுற்றி வளைக்காமல். "வாசிக்கறதுல பின்தங்கியிருக்கா. இப்பவே கைகொடுத்தா சரியாயிடும். அதுக்குத்தான் தனி வகுப்பு."

"வீட்டுக்கு வந்த தாள்ல தனி வகுப்புன்னு பார்த்ததும், கெட்டிக்காரப் பிள்ளைங்களைத்தான் தனியா எடுக்கறீங்கன்னு நெனச்சேன்." அவர் தாளை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "டிப்போ பூரா சொல்லிட்டேன். அது போகட்டும், என்னைக் கிண்டல் பண்ணுவாங்க, அவ்வளவுதான். அவகிட்ட எப்படிச் சொல்றது? என்னால முடியாது டீச்சர். நீங்களே சொல்லுங்க."

வராந்தாவில் காத்திருந்த மகளை உள்ளே அழைத்தார். டீச்சர் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, தொண்டை கரகரக்க, அதே மாடிப்படியை முதல் படியிலிருந்து சொன்னாள். பெற்றவர்களிடம் எத்தனையோ தடவை சொன்னதுதான். இந்தத் தடவை பாவமாக இருந்தது, தன்மேலேயே கோபமாகவும் இருந்தது.

சிறுமி பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அழுவாள் என்று டீச்சர் நினைத்தாள். அழவில்லை.

"எல்லாரும் அழுதாங்க, நான் மட்டும் சிரிச்சேன்" என்றாள். "நான் சந்தோஷப்பட்டது தப்பா டீச்சர்?"

டிரைவர் குனிந்து மகளின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

"இல்லம்மா. அப்பாவும்தான் சந்தோஷப்பட்டேன்."