ஒரு சுருள் முடி

இறந்த தாயின் தாடைக்குக் கீழே வெள்ளைத் தொப்பியின் நாடாவை டோர்கஸ் முடிச்சிட்டுக்கொண்டிருந்தபோது, லீட்ஸிலிருந்து லவினியா வந்து சேர்ந்தாள். புதுத் துக்க உடை கதவு நிலையில் உரசியது. கழுத்தில் மூன்று வரிசைக் கறுப்பு மணி.

"கடைசி நேரத்துல என்னைக் கேட்டாங்களாடி?"

"கேட்டாங்கக்கா."

அதற்குமேல் டோர்கஸ் சொல்லவில்லை. காய்ச்சலில் கிடந்த மூன்று வாரமும், கஞ்சி ஊட்டும்போதெல்லாம் அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "வந்துட்டியா லவினியா" என்பாள். முதல் நாள், "நான் டோர்கஸ்ம்மா" என்று சொல்லிப் பார்த்தாள். பிறகு, "வந்துட்டேம்மா" என்று சொல்லப் பழகிவிட்டாள். லீட்ஸுக்கு எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை.

லவினியா குனிந்து தாயை முத்தமிட்டாள். மணிச்சரம் டோர்கஸின் கையில் பட்டுச் சில்லென்றது. இந்த விட்பி ஊரில் ஜெட் என்னும் கரிய நகைக்கல்லைச் செதுக்கிப் பிழைக்கிறவர்களுக்கு அந்தச் சில்லிப்பே போதும். ஜெட் கனக்காது, தொட்டால் குளிராது. இது கண்ணாடி.

"நல்ல ஜெட்டுதானே? அவர் வாங்கிக் குடுத்தது."

"நல்லா இருக்குக்கா."

"அம்மா முடியில கொஞ்சம் வெட்டிக் குடு. உன் வீட்டுக்காரர் அத ஒரு ப்ரூச்சுல வெச்சுத் தரட்டும், சட்டையில குத்திக்கிற மாதிரி. லீட்ஸ்ல தாய் போனவங்க எல்லாரும் போட்டிருக்காங்க. நாளைக்கு அடக்கத்துல நான் மட்டும் வெறுமனே நிக்கறதா?"

லவினியாவின் கை தொப்பிக்கு நீண்டது. டோர்கஸ் நாடாவின்மேல் தன் கையை வைத்துக்கொண்டாள்.

காய்ச்சல் தலைக்கேறியபோது வைத்தியர் சொல்லி அம்மாவின் முடியை மழித்தாகிவிட்டது. அது அடுப்போடு போயிற்று. தொப்பியை விலக்கிக் காட்டி, அக்காவின் முகம் போகிற போக்கைப் பார்த்திருக்கலாம். ஆனால் அம்மா அந்தத் தலையை யார் கண்ணிலும் பட விட்டதில்லை. பக்கத்து வீட்டுக்காரி வந்தால்கூடப் போர்வையை இழுத்து மூடிக்கொள்வாள்.

"நான் வெட்டித் தரேன். நீ கீழ போய் டீ குடி."

பின்கட்டுப் பட்டறையில் அவள் கணவன் ரூபன் ஜெட் சிலுவை ஒன்றுக்கு மெருகேற்றிக்கொண்டிருந்தான். டோர்கஸ் தன் தொப்பியைக் கழற்றினாள். முப்பத்துநாலு வயதில் பாதி முடி நரைத்திருந்தது. நரையாகப் பார்த்து ஒரு கொத்தை நறுக்கி அவன் முன் வைத்தாள்.

அவன் முடியையும் அவளையும் பார்த்தான். "அவகிட்ட உண்மையச் சொல்லித் தொலையேன்."

"சொன்னா தொப்பியக் கழட்டிப் பாப்பா."

ரூபன் சிலுவையைக் கீழே வைத்தான். ஜெட் சட்டம் ஒன்றைத் தேடியெடுத்து, முடியைச் சுருட்டிக் கண்ணாடிக்கு அடியில் வைத்து மூடினான்.

மறுநாள் காலை சவப்பெட்டி தூக்குகிறவர்கள் வாசலில் வந்து நின்றார்கள். லவினியா ப்ரூச்சை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அம்மா முடியேதான். எங்க வெச்சாலும் கண்டுபிடிச்சிடுவேன்." கண்ணாடியை முத்தமிட்டாள். அவளுக்கு நிஜமாகவே அழுகை வந்தது. ஊசியைக் குத்த விரல்கள் ஒத்துழைக்கவில்லை. "நீயே குத்தி விடு. நேரா இருக்கணும்."

டோர்கஸ் அக்காவின் கழுத்துப்பட்டிக்குள் ஒரு விரலை விட்டு, உடம்பில் படாதபடி ஊசியை மெதுவாகச் செலுத்தினாள்.