ஈரச் சட்டை

கம்பெனியிலிருந்து ஒரு போன் வந்தால் போதும், தீக்காயப் பிரிவுக்கு அனுப்பிவிடலாம் என்று கவுண்டரில் சொல்லியிருந்தார்கள். விபத்து எங்கள் ஆலையில்தான் நடந்தது என்று கம்பெனி ஆள் யாராவது வாய் திறந்து சொல்ல வேண்டும். அதற்குத்தான் ஆளில்லை. ஃபில்டர் ஆபரேட்டர் கட்டுப்போட்ட இடது கையைத் தூக்கிப் பிடித்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இறக்கினால் உயிர் போனது. தாமதமானால் விரல்கள் மடங்காமல் போகலாம் என்று நர்ஸ் போகிறபோக்கில் சொன்னதிலிருந்து அவர் மனைவிக்கு இருப்புக்கொள்ளவில்லை. கவுண்டருக்கும் பெஞ்சுக்கும் நடையாய் நடந்தாள்.

மருந்து ஆலையில் அவருக்கு வடிகட்டும் வேலை. துணியில் தங்கும் கறுப்புப் பொடியைச் சுரண்டி எடுக்க வேண்டும். இரண்டு உலோகம் சேர்ந்த வினையூக்கி அது. ஒன்று கார்பனோடு கார்பனை ஒட்டவைக்கும். மற்றது, கண்ட இடத்தில் ஒட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளும். யானை விலை. ஈரமாக இருக்கும்வரை சாது, காய்ந்தால் தானாகப் பற்றிக்கொள்ளும். அதனால் தண்ணீர் தெளித்துக்கொண்டேதான் சுரண்டுவார்கள். அந்த ஈரத்தால் அடுத்த பேட்ச்சில் வேண்டாத சரக்கும் சேர்ந்து வருகிறது என்று சூப்பர்வைசர் தண்ணீர்க் குழாயையே கழற்றிக்கொண்டு போய்விட்டார். சிந்திய பொடியைத் தரையில் தேடித் தேடி எடுப்பவர் என்பதால் ஷிப்டில் சூப்பர்வைசருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். ஆபரேட்டர் மல்லுக்கட்டிப் பார்த்தார். எதுவும் ஆகாது, சுரண்டுங்கள் என்று பதில் வந்தது. சுரண்டும்போதே காய்ந்த பொடி கையில் பற்றிக்கொண்டது.

பூதக்கண்ணாடி வாசலில் தெரிந்ததும் மனைவிக்குப் போன உயிர் வந்தது. அவரோ கவுண்டரைத் தாண்டி நேராகப் பெஞ்சுக்கு வந்தார்.

"அண்ணே, அந்தச் சட்டை எங்க?"

சட்டையில் பொடி ஒட்டியிருக்கிறது, கணக்கில் எடை குறைகிறது, மேலே கேட்கிறார்கள் என்று விளக்கினார். கையில் தடித்த பிளாஸ்டிக் பை வைத்திருந்தார்.

"சட்டை எங்கயும் ஓடிடாது சார். மொதல்ல கவுண்டர்ல ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாள் மனைவி.

"நான் சொன்னா எம்மேல வந்துடும்க்கா. ஆபீஸ்ல பேசுவாங்க."

எப்போது பேசுவார்கள் என்று கேட்டாள். அது அவருக்குத் தெரியாதாம். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெஞ்சுக்கு அடியில் சுருட்டி வைத்திருந்த சட்டையைக் காலால் அவர் பக்கம் தள்ளினாள்.

"எடுத்துட்டுப் போய்க் கட்டிக்கிட்டு அழுங்க."

அவர் ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு, சட்டையை முகத்துக்கு எட்டாத தூரத்தில் பிடித்துப் பைக்குள் போட்டார். கணவனுக்கு அவள் முகம் துடைத்த துண்டில் கறுப்புப் படிந்திருந்தது. அதையும் கேட்டு வாங்கிக்கொண்டார். பிறகு மூலையில் இருந்த கைகழுவும் குழாயடிக்குப் போய், பையின் வாயை விரித்துப் பிடித்து, குழாயை முழுக்கத் திறந்துவிட்டார்.

"அவ்வளவு தண்ணி எதுக்கு சார்?" என்று கேட்டார் ஆபரேட்டர்.

"காஞ்சா பத்திக்கும்ண்ணே" என்றார் அவர், திரும்பாமலே.

தண்ணீர் வெளியே வழிந்துவிடாமல், பொடி ஒரு பொட்டும் சிந்தாமல், சட்டை முழுக்க நனைந்ததா என்று அமுக்கிப் பார்த்துவிட்டுப் பையைக் கட்டினார். கம்பெனியிலிருந்து யாராவது வந்தாச்சா என்று கவுண்டரில் மறுபடி குரல் கேட்டது. தளும்பும் பையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, பூதக்கண்ணாடி அந்தக் கவுண்டரைக் கடந்து மெதுவாக நடந்து போனார்.