ஒரே வீட்டில் இரண்டு ராமநாதன்

ரிலீஸ் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மாதம் இரண்டு வெள்ளிக்கிழமை எங்கள் ஆப்பின் புதுப் பதிப்பு வெளியாகும். அதற்கு முன்னால் நூற்றெண்பத்து மூன்று சோதனைகளையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும் ஒரே ஆள், நாகவல்லியாகிய நான். கம்பெனி என்றால் பெரிதாக எண்ண வேண்டாம். காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் ஐந்து பேர். விசேஷ வீட்டாருக்கு விருந்தினர் பட்டியல் போட்டு, அழைப்பு அனுப்பி, யாருக்கு எந்த அறை என்று சொல்லும் ஆப் எங்களுடையது.

இந்தப் பாழாய்ப்போன வெள்ளிக்கிழமையால் அக்கா தேவிகாவின் நிச்சயத்துக்குப் போகவில்லை. கல்யாணத்துக்குத் தாலி கட்டி முடிந்தபிறகுதான் போய் நின்றேன். இப்போது காளையார்கோவிலில் அவளுக்கு வளைகாப்பு. அதுவும் வெள்ளிக்கிழமை, பதினொரு மணிக்கு.

"இதுக்கும் வரலைன்னா எங்கிட்டப் பேசாதடி" என்று போனை வைத்துவிட்டாள். சொன்னால் செய்கிறவள்.

அதனால்தான் மூன்று மாதமாக மெனக்கெட்டு, நான் தட்டுவதையெல்லாம் கம்ப்யூட்டரே தட்டிப் பார்க்கும்படி புரோகிராம் எழுதினேன். சரியென்றால் பச்சை காட்டும், தப்பென்றால் சிவப்பு. முதலாளி லட்சுமணன் அண்ணனுக்கு நம்பிக்கையே இல்லை.

"தப்பக் கண்டா ஒன் அளவுக்கு அதுக்குச் சண்டை போடத் தெரியாதே, நாகவல்லி."

"எல்லாம் பச்சையா வந்தா என்னைய விட்ருவீகளாண்ணே?"

"விட்ருவேன். ஒண்ணு செவந்தாலும் நீதான் ஒக்காந்து தட்டணும்."

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்குப் பட்டுப்புடவையோடு ஆபீசுக்கு வந்து புரோகிராமை ஓட்டிவிட்டேன். பதினோரு நிமிடத்தில் முடிந்தது. நூற்றெண்பத்திரண்டு பச்சை, ஒன்று சிவப்பு. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அண்ணன் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "ஒன் புரோகிராம்தான் தப்பு. ல. ராமநாதன்னு ஒரே பேர, ஒரே வீட்டுல ரெண்டு தடவ போட்டிருக்க. அப்படி வந்தா ஒண்ணை எடுத்துரணும்னு இந்த வாரந்தான் நான் எழுதுனேன். ஆப் சரியாத்தான் எடுத்திருக்கு."

வந்த அழுகை கோபமாகிவிட்டது. சுவரில் ஒட்டியிருந்த அழைப்பிதழைக் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமை அவருடைய அப்பாவுக்கு, அவர் சொல்வதில் அப்பச்சிக்கு, மணிவிழா. சோதனைக்குப் பெயர்கள் வேண்டும் என்று அதிலிருந்துதான் எடுத்திருந்தேன்.

"ஒங்க அப்பச்சி பேரு என்னண்ணே?"

"ல. ராமநாதன்."

"ஒங்க மகன் பேரு?"

சிரிப்பு நின்றது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது அவர்கள் வழக்கம். லட்சுமணன் என்பதே அண்ணனுடைய தாத்தா பெயர்தான். தாத்தாவும் ல. ராமநாதன், மூன்று வயதுப் பேரனும் ல. ராமநாதன். அதிலேயே பிறந்து வளர்ந்த மனிதர்தான் ஒரு பெயருக்கு ஓர் ஆள் என்று எழுதி வைத்திருக்கிறார்!

அவசரமாகத் தன் வீட்டுப் பட்டியலைப் புதுப் பதிப்பில் திறந்தார். பெரிய அறை பேரனுக்கு ஒதுக்கியிருந்தது. மணிவிழா நாயகரைக் காணோம்.

"ஆத்தாடி! அப்பச்சி என்னைய வீட்டுக்குள்ளயே விட்டிருக்க மாட்டாக!"

பிறந்த தேதியையும் சேர்த்துப் பார்க்கும்படி இருபது நிமிடத்தில் திருத்தினார். மறுபடி ஓட்டினேன். என் நாற்காலிக்குப் பின்னால் நின்று சின்னப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு பச்சையையும் சத்தமாக எண்ணினார். நூற்றெண்பத்து மூன்றும் பச்சை! ரிலீஸ் பொத்தானை அழுத்திவிட்டுக் கார் சாவியை எடுத்தார்.

"ஒண்ணு செவந்துச்சேன்னு ஒக்காந்துறாத. கெளம்பு, நானே கொண்டுபோயி விடுறேன்."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை. வளையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா என்னை முறைத்தாள்.

"வேலைய விட்டுட்டா வந்த?"

"இல்லக்கா. வேலை முடிஞ்சிருச்சு."

அவளுடைய வலக்கை நிறைய வளையல். இடக்கையை முந்தானைக்குள்ளிருந்து எடுத்து நீட்டினாள். அதில் ஒன்றுகூட இல்லை.

"நீ வர்ற வரைக்கும் இந்தக் கையத் தொடக் கூடாதுன்னுட்டேன். போடுடி."

தட்டிலிருந்து பச்சை வளையலாகப் பார்த்து எடுத்து அந்தக் கையில் ஏற்றினேன்.