புத்துவான் சம்பந்தம்

உலகத்தில் எந்த ஊர்ப் பெயரைக் காதில் போட்டாலும் அதற்குள்ளிருந்து ஒரு தமிழ் ஊரைத் தோண்டி எடுத்துவிடும் வியாதி மணியனுக்கு இருந்தது. அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்து ரவுண்ட் ராக்கில் முப்பது வருஷம் கம்ப்யூட்டர் கம்பெனியில் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்ற பிறகு அது நன்றாக முற்றிவிட்டது. டாக்டர் கொலஸ்ட்ராலுக்கு மாத்திரை கொடுத்தார், சர்க்கரைக்குக் கொடுத்தார். இதற்கு மட்டும் ஒன்றும் கொடுக்கவில்லை.

அப்பேர்ப்பட்ட மனிதரிடம் போய் அவருடைய ஒரே மகன் ரோஹன், முப்பத்து நாலு வயதில், "டாட், ஐ ஆம் மேரியிங் மரிசெல். ஷீ இஸ் ஃப்ரம் புத்துவான்" என்று சொன்னான். புத்துவான் பிலிப்பைன்ஸில், அகுசான் என்ற ஆற்றங்கரையில் இருக்கும் ஊர்.

மரிசெல் யார் என்று மணியனுக்குத் தெரியாமல் இல்லை. அவருடைய வலது முழங்காலை ஆறு மாதம் மடக்கி நீட்டிச் சரிசெய்த பிசியோ அவள்தான். மூட்டுக்கு வைத்தியம் பார்க்கப் போன இடத்தில், வண்டி ஓட்டிக்கொண்டு வந்த பிள்ளை மூன்று முடிச்சுக்கு ஏற்பாடு செய்துவிட்டான். குற்றம் யாருடையது? முழங்காலுடையது. அதனால் அவர் யாரையும் திட்ட முடியவில்லை.

உண்மையைச் சொன்னால் பெண்ணை அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது. பயமெல்லாம் நாகப்பட்டினத்தில் இருந்தது. எழுபத்தெட்டு வயது அண்ணன் கந்தசாமி, துறைமுக ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அப்பா போனபோது மணியனுக்கு ஒன்பது வயது. அன்றிலிருந்து சைக்கிளில் முன்னால் உட்கார வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவர் அண்ணன்தான். அந்த வீட்டில் எந்தக் கல்யாணமானாலும் முதல் பத்திரிகையைக் குலதெய்வம் பொன்னாத்தாளின் காலடியில் அவர்தான் கொண்டுபோய் வைக்க வேண்டும். "அண்ணன் வந்து நிக்காத கல்யாணம் எனக்குக் கல்யாணமே இல்ல ராணி" என்று மனைவி ராஜராணியிடம் சொன்னார். அந்த அண்ணனோ அந்நியத்தில் பெண் எடுப்பதென்றால் பக்கத்து ஜில்லாவுக்கே முகம் சுளிப்பவர்.

"அப்ப என்னதான் பண்றது?" என்றாள் ராஜராணி.

"அந்நியம்னாத்தானே அண்ணனுக்குப் பிரச்சினை? சொந்தம்னு நிரூபிச்சிட்டா?"

ராஜராணி சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

இரண்டு மாதம் மணியன் சாப்பாட்டு மேஜையை யாருக்கும் விடவில்லை. தோண்டத் தோண்டப் புதையலாக வந்தது. புத்துவான் பழைய துறைமுகம். அங்கே ஆண்டவர்களுக்கு ராஜா என்று பட்டம். போதாதா! புத்துவான் என்பது புத்தூரான் என்பதன் மரூஉ என்று முதல் நாளே முடிவு கட்டிவிட்டார். பிறகு ஒரு நாள் காலை, நூறு வருஷத்துக்கு முன்னால் அந்த ஆற்றுப் பக்கம் வெள்ளத்தில் வெளிப்பட்ட ஒரு தங்கச் சிலையின் படம் கண்ணில் பட்டது. சம்மணம் போட்டு உட்கார்ந்த பெண் தெய்வம், தலையில் கிரீடம், உடம்பெல்லாம் நகை. இப்போது சிகாகோ மியூசியத்தில் இருக்கிறது.

"ராணீ! இங்க வா! நம்ம பொன்னாத்தா!"

ராஜராணி கரண்டியோடு வந்து கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தாள். "மூக்கு வேற மாதிரி இருக்கேங்க."

"ஆயிரம் வருஷம் தண்ணியில கெடந்தா உன் மூக்குந்தான் மாறும்."

இப்படியாக நாற்பத்தாறு ஸ்லைடு சேர்ந்தது. சோழர் காலத்தில் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறிப் போன நம்மவர்களே புத்துவான்காரர்கள், குலதெய்வத்தையும் கையோடு கொண்டுபோனார்கள், ஆகவே மரிசெல் நம் வீட்டுப் பெண், சுபம். இதைத் தமிழில் தட்டி, படங்களோடு அண்ணனுக்கு வாட்ஸப்பில் அனுப்பினார். இரண்டு நாளாக நீலக் கோடு விழுந்திருந்ததே ஒழிய பதில் இல்லை.

மூன்றாம் நாள் சனிக்கிழமை. மகளைப் பார்க்க வந்திருந்த மரிசெல்லின் அப்பா அமாந்தே, மறுநாள் விமானம் ஏறுவதற்கு முன்னால் தேதி பேசி முடிவு செய்ய, காலை டிஃபனுக்கு வந்தார். ஒல்லியான மனிதர். புத்துவான் மியூசியத்தில் இருபத்தேழு வருஷம் வேலை பார்த்தவர். இந்தத் தகவலை ரோஹன் அப்பாவிடம் வேண்டுமென்றே மறைத்து வைத்திருந்தான்.

"டாட், ப்ளீஸ். நோ ஸ்லைட்ஸ்" என்று வாசலிலேயே கெஞ்சினான்.

"சேச்சே, நான் எதுக்குடா" என்றார் மணியன். முதல் இட்லி தட்டில் விழுவதற்குள் லேப்டாப் திறந்திருந்தது.

அமாந்தே பன்னிரண்டாம் ஸ்லைடு வரைக்கும் பொறுமையாகச் சட்னியைத் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, நல்ல ஆங்கிலத்தில் கேட்டார். "எல்லாம் அழகாக இருக்கிறது மிஸ்டர் மணியன். ஆனால் ஒவ்வொரு ஸ்லைடிலும் யாரோ எங்களிடம் வந்துகொண்டே இருக்கிறார்களே, நாங்கள் எங்கேயும் போக மாட்டோமா?"

"அப்படின்னா?"

"ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் எங்கள் ராஜா சீனாவுக்குத் தூது அனுப்பினார். எங்கள் கப்பலில். நாங்கள் கட்டிய கப்பலில்."

ஆள் அதற்கப்புறம் நிற்கவில்லை. புத்துவான் இப்போது வளர்கிற வேகத்தைச் சொன்னார். மால் வருகிறது, ஹோட்டல் வருகிறது, டிராஃபிக்கில் மனிதன் கிழவனாகிவிடுகிறான். ஆனால் சில இடங்களில் கடப்பாரையைப் போட்டால் பழைய கப்பல் பலகை தட்டுப்படும். அவருடைய மச்சினன் ஒருவன் செப்டிக் டேங்குக்குக் குழி தோண்டி, அதில் ஒரு பலகை வந்து, சுற்றி வேலி போட்டுவிட்டார்களாம். இரண்டு வருஷம் அந்தக் குடும்பமே பக்கத்து வீட்டு பாத்ரூமுக்கு வரிசையில் நின்றதாம். "எங்கள் ஊரில் சரித்திரம் என்றால் இதுதான்" என்று சிரித்தார்.

"எங்க சோழர் கப்பலும் அதே மாதிரிதான்" என்று மணியன் நடுவில் புகுந்தார்.

"இல்லவே இல்லை. உங்கள் பக்கத்தில் பலகையைக் கயிற்றால் தைப்பார்கள். எங்களுடையது பலகைக்குள் மர ஆணி அடித்துச் சேர்த்தது. கையால் தொட்டிருக்கிறேன்."

மணியனுக்குச் சுருக்கென்றது. "சிலையைப் பத்தி என்ன சொல்றீங்க அப்ப?"

"அது யார் என்று பண்டிதர்களே இன்னும் சண்டை போடுகிறார்கள். எங்கள் தட்டான்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை."

மேஜைக்கு அடியில் ரோஹன் அப்பாவின் காலை மிதித்தான். அந்தப் பக்கம் மரிசெல் அவள் அப்பாவின் காலை மிதித்தாள். இரண்டு அப்பாக்களும் காலை இழுத்துக்கொண்டு தொடர்ந்தார்கள். ராஜராணி யாரையும் கேட்காமல் எல்லார் தட்டிலும் இன்னும் இரண்டு இட்லி வைத்தாள்.

அப்போதுதான் வாட்ஸப் மணி அடித்தது. வீடியோவில் அண்ணன். நெற்றி நிறையத் திருநீறு, பின்னால் சுவரில் பல்லி.

"மணியா! ஸ்லைடு பூரா ரெண்டு தடவ படிச்சேன்டா. கண்ணு கலங்கிடுச்சு. நீ சொல்றது நூத்துக்கு நூறு சரி. அது நம்ம பொன்னாத்தாதான்."

மணியன் போனைத் தூக்கி மேஜை முழுக்கக் காட்டினார். அமாந்தே பக்கம் கொஞ்சம் அதிக நேரம் காட்டினார்.

"சொன்னேன்ல! அப்ப அந்நியம் இல்லதானே அண்ணே?"

"எங்க அந்நியம்? அசல் சொந்தம். அதனால இந்தக் கல்யாணத்த நிறுத்திடு."

மணியன் சிரித்தபடியே இருந்தார். சிரிப்பை எங்கே இறக்கி வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. "என்னண்ணே சொல்றீங்க?"

"என்னடா இது, அமெரிக்கா போனா எல்லாம் மறந்துடுமா? ஒரே குலதெய்வத்தக் கும்பிடுறவங்க யாரு? பங்காளி! பங்காளி வீட்ல பொண்ணு எடுப்பாங்களா? அந்தப் பொண்ணு ரோஹனுக்குத் தங்கச்சி முறைடா!"

ரோஹனுக்குத் தமிழ் பேச வராதே தவிர காது நன்றாகவே வேலை செய்யும். "வாட்? தங்கச்சி? சிஸ்டர்?"

"யாருக்கு யார் சிஸ்டர்?" என்றாள் மரிசெல்.

ராஜராணி கரண்டியை மேஜையில் வைத்தாள். வைத்த சத்தம் நாகப்பட்டினத்தில் கேட்டிருக்கும். "நாப்பத்தாறு ஸ்லைடு போட்டுப் பெத்த புள்ள கல்யாணத்த நிறுத்தின ஆளு உலகத்துலயே நீங்க ஒருத்தர்தாங்க! நல்லா இருங்க! நாப்பத்தேழாவதா என் ஃபோட்டோவப் போட்டு மால மாட்டுங்க!"

மணியனுக்கு வியர்த்துவிட்டது. டெக்சாஸ் வெயில் காரணமில்லை, ஏசி நன்றாகத்தான் ஓடியது. "அண்ணே, நல்லாப் பாருங்க. அந்த அம்மன் மூக்கு வேற மாதிரி இருக்கு..."

"ஆயிரம் வருஷம் தண்ணியில கெடந்தா மூக்கு மாறாதா? ஸ்லைடு முப்பத்தொண்ணு. நீதானடா எழுதியிருக்க?"

"ஊர்ப் பேரு புத்தூர்னு சொன்னேன்ல, அது சும்மா ஒரு..."

"ஸ்லைடு மூணு. 'ஐயமின்றி நிரூபிக்கப்பட்டது'னு போட்டிருக்க."

ஆள் அகப்பட்டுக்கொண்டார். எதிராளி சொன்னதை வெட்டலாம், தானே ஐயமின்றி நிரூபித்ததை எப்படி வெட்டுவது? ரோஹனைப் பார்த்தார். பிள்ளை தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கைக்குள் மரிசெல்லின் கை இருந்தது. மணியன், என் கெட்டிக்காரத்தனத்தில் மண் விழ என்று தன்னையே மனதாரத் திட்டிக்கொண்டார்.

இதற்குள் ரோஹன் ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொல்லி முடித்திருந்தான். அமாந்தே கோபப்படுவார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவரோ நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"உங்கள் அண்ணன் கேட்பது மிகச் சரியான கேள்வி. எங்கள் ஊரிலும் அதே கணக்குத்தான். ஊரின் ஒவ்வொரு பகுதிக்கும் பாராங்காய் என்று பெயர். அது பலாங்காய் என்ற பழைய கப்பலின் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். ஒரே கப்பலில் வந்து இறங்கியவர்கள் ஒரே கூட்டம். ஆகவே, யார் எந்தக் கப்பல் என்று பார்த்துவிடலாம். மொழிபெயர்த்துச் சொல்லுங்கள்."

யார் மொழிபெயர்ப்பது? ரோஹனுக்குப் பேச வராது. ராஜராணி, "நீங்களே சொல்லுங்க. நீங்கதான ஆரம்பிச்சீங்க" என்று சொல்லிவிட்டாள். தன் இரண்டு மாத உழைப்பை, தன் வாயாலேயே, வரிவரியாக உடைத்து அண்ணனுக்குச் சொல்லும்படி ஆனது மணியனின் கதி. நாகூர்ப் பக்கம் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னார். பாராங்காய் என்றபோது வழக்கப்படி 'மாங்காய், தேங்காய்' என்று நாக்கு நுனி வரை வந்தது. கடித்துக்கொண்டார்.

கந்தசாமி துறைமுகத்தில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவர். கப்பல் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பலகைய எப்படிச் சேத்திருக்கு? கயிறா, ஆணியா?"

அமாந்தே தன் போனில் ஒரு படத்தை எடுத்து இந்தப் போனுக்கு முன்னால் பிடித்தார். கறுத்த நீளப் பலகை. அதன் விளிம்பில் வரிசையாக ஓட்டைகள், இரண்டில் மர ஆணி இன்னும் அப்படியே.

கந்தசாமி கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். பின்னால் சுவரில் பல்லி சொன்னது.

"தையலே இல்லையே" என்றார். "நம்ம பெரியவங்க காலத்துத் தோணியெல்லாம் கயித்தால தைச்சது. இது வேற கை, வேற கப்பல்." போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தார். "மணியா, ஸ்லைடு கிலைடு எல்லாம் வேணாம். உன் வாயால சொல்லு. அவங்களுக்கும் நமக்கும் சம்பந்தம் உண்டா, இல்லையா?"

மணியனுக்குச் சோழர்கள் எல்லாரும் யானை, குதிரை, கொடி சகிதம் கண்முன் வந்து நின்றார்கள். நாகப்பட்டினத்துக் கடற்கரையில் நாற்பத்தாறு ஸ்லைடு அலையடித்தது. எல்லாவற்றுக்கும் மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டார்.

"இல்லண்ணே. ஒரு சம்பந்தமும் இல்ல."

"அப்படிச் சொல்லு. சம்பந்தம் இல்லன்னா சம்பந்தம் பண்ணிக்க. அந்நியம்னா ரெண்டு நாள் முகம் சுளிப்பேன், பங்காளின்னாதான்டா பாவம்! முன்னாலயே இதச் சொல்லித் தொலைச்சிருக்கலாம்லடா! பத்திரிகை அடிச்சு அனுப்பு, நானே கொண்டுபோய்ப் பொன்னாத்தா கால்ல வைக்கிறேன். எனக்கு ஜன்னலோரம் பாத்து டிக்கெட் போடு."

ராஜராணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே அல்வா எடுக்க உள்ளே ஓடினாள். ரோஹன் எழுந்து வந்து, சின்ன வயதுக்கு அப்புறம் முதல் தடவையாக அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். "அங்கிள், உங்க முழங்கால் ஆடுது, உட்காருங்க" என்ற பொருளில் மரிசெல் அதட்டினாள். மணியன் உட்கார்ந்தார்.

போன் வைப்பதற்கு முன்னால் கந்தசாமி அமாந்தேயைப் பார்த்துக் கும்பிட்டு, "வரேன் சம்பந்தி" என்றார்.

"என்னை என்னவென்று அழைத்தார்?" என்று அமாந்தே கேட்டார்.

"சம்பந்தி. பையனோட அப்பாவும் பொண்ணோட அப்பாவும் ஒருத்தர ஒருத்தர் கூப்பிடுறது" என்று மணியன் விளக்கினார். "இங்கிலீஷ்ல இதுக்கு வார்த்தையே கெடையாது."

"பாவம், இங்கிலீஷ்காரர்கள்" என்றார் அமாந்தே. "எங்களிடம் இருக்கிறது. பலாயி."

"பலாயி..." மணியனின் கண்ணில் பழைய வெளிச்சம் வந்தது. "பலாயி... பாலாய்... பாளைய..."

"என்னங்க!" என்றாள் ராஜராணி, அல்வாத் தட்டோடு.

மணியன் வாயை மூடிக்கொண்டார். லேப்டாப்பையும் மூடினார். அந்தச் சொல்லை அது பிறந்த ஊரிலேயே விட்டுவிட்டு, தட்டை எதிரே நகர்த்தினார்.

"எடுத்துக்குங்க பலாயி. ஹூஸ்டன் ஹில்க்ராஃப்ட்ல நம்ம ஊர்க் கடையிலேருந்து வாங்கினது."

அமாந்தே ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி மென்றார். "அடடே, எங்கள் ஊரிலும் இதே மாதிரி ஒன்று உண்டு" என்றார்.

மணியன் அவசரமாக ஒரு பெரிய துண்டை எடுத்துத் தன் வாயை அடைத்துக்கொண்டார்.