கட்டைவிரல் கரை

பொம்மைப் படைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டுக்காக, காஞ்சிபுரம் கிளப் நடத்திய போட்டியில் வசந்தும் சுகாசினியும் ஆளுக்கொரு பலகையில் பாலாற்றைச் செய்திருந்தார்கள். ஆற்றங்கரையிலேயே வளர்ந்த வசந்த், அசல் ஆற்று மணலைச் சலித்து ஒட்டியிருந்தான். பட்டுக்கடையில் வேலை பார்க்கும் சுகாசினியோ, கழிவு நூலை நறுக்கிப் பச்சைச் சாயத்தில் தோய்த்துப் புல்லாக நட்டிருந்தாள். கூட்டமெல்லாம் அவள் பலகையைத்தான் மொய்த்தது. இவளுக்கு என்ன தெரியும் பாலாற்றைப் பற்றி என்று வசந்துக்கு வயிறு எரிந்தது.

எல்லோரும் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, ஈரம் காயாத அவளுடைய களிமண் கரையைக் கட்டைவிரலால் அழுத்தினான். கரை புல்லோடு ஆற்றில் சரிந்தது.

நடுவர் மாணிக்கவேல் அந்த இடத்தில்தான் குனிந்தார். "வெள்ளம் அரிச்சிக்கினு போன மாதிரியே இருக்குதும்மா. இதுக்கே உனக்குப் பரிசு குடுக்கணும்."

சுகாசினி சரிந்த கரையைப் பார்த்தாள். பிறகு வசந்தின் கட்டைவிரலில் ஒட்டியிருந்த பச்சைச் சாயத்தைப் பார்த்தாள்.

"அத நான் பண்ணல சார். வசந்த் பண்ணிக் குடுத்தாரு."

எல்லோரும் அவனுக்குக் கைதட்டினார்கள். விரலை மடக்கி மறைத்துக்கொண்டான் வசந்த். இதையும் அவளே நன்றாகச் செய்துவிட்டாளே என்று வயிறு இன்னும் எரிந்தது.