மரப்பொந்துக்குள் ஒரு ஷோகன்

எங்கள் உதயம் கிளப்பில் ராஜா வேஷம் என்றால் அனீஷுக்குத்தான். மூஞ்சி லட்சணத்துக்காக அல்ல, அவன் மாமா கிளப் தலைவர் என்பதற்காக. கொச்சி மட்டாஞ்சேரிக் காலனித் தமிழர்களான எங்களுக்கு அலங்கார வண்டி தள்ளும் வேலை. அதிலும் பெண்கள் என்றால் ஜிகினா ஒட்டும் வேலை. புத்தாண்டு கார்னிவல் ஊர்வலத்தில் அவன் மேலே ஜம்மென்று உட்கார்ந்திருப்பான், நாங்கள் கீழே வியர்த்து வழிவோம். இத்தனைக்கும் அசையாமல் உட்காரவேண்டிய காட்சி அது. அசைந்தால் பரிசு போச்சு. ஆனால் அவனோ, தெரிந்தவர்களைப் பார்த்தால் கையாட்டிவிடுவான்.

இந்த வருஷம் ஜப்பானில் நாட்டையே ஆண்ட ஷோகன் என்ற படைத்தலைவன் கதையைப் போடலாம் என்றான் சஜி. கிளப் செயலாளர், ஆட்டோ ஓட்டுகிறவன், சவாரி இல்லாத நேரமெல்லாம் போனில் சரித்திரம் பார்க்கிறவன். மினமோட்டோ யோரிடோமோ என்று ஒருவனாம். இவனுக்குப் பதின்மூன்று வயதில் எதிரிகள் அப்பனைக் கொன்றுவிட்டு இவனை நாடு கடத்தியிருக்கிறார்கள். இருபது வருஷம் வாயை மூடிக்கொண்டு கிடந்து, பிறகு ஒருநாள் வாளை எடுத்தான். முதல் பெரிய சண்டையிலேயே செம அடி. ஒரு மரப்பொந்துக்குள் ஒளிந்தான். தேடிவந்த எதிரி வீரன் ஒருவன் எட்டிப் பார்த்தான், கண்ணும் கண்ணும் சந்தித்தன, "இங்கே யாருமில்லை" என்று சொல்லிவிட்டுப் போனான். அந்தத் தோற்றவன்தான் பிறகு எதிரிகளைத் துடைத்தெறிந்து ஷோகன் ஆனான். சக்கரவர்த்தி தலைநகரத்தில் பேருக்கு இருக்க, இவன் கமகுரா என்ற கடலோர ஊரில் உட்கார்ந்துகொண்டு மாகாணத்துக்கு மாகாணம் தன் ஆட்களை வைத்து நாட்டை ஆண்டான். நல்லவன் என்று சொல்லமாட்டேன். தனக்காகச் சண்டை போட்டு ஜெயித்துக் கொடுத்த தம்பியையே விரட்டிச் சாகடித்தவன். இருந்தாலும் அந்த மரப்பொந்து என் மனதை விட்டுப் போகவில்லை.

"அந்த வேஷம் நான் கட்டுறேன்" என்றேன்.

கிளப்பே சிரித்தது. அனீஷ் சிரித்த சிரிப்பில் சாயா மூக்கில் ஏறியது. "வீரலட்சுமி சேச்சி, பொரோட்டா மாவு பெசையிற மாதிரியில்ல இது" என்றான். நான் வைட்டிலாவில் ஓட்டல் அடுக்களையில் மாவு பிசைகிறவள்தான். அதற்கென்ன? அன்றைக்கே எனக்குள் வீம்பு பிடித்துவிட்டது. ஒரே ஒரு தடவை அந்த வண்டிமேல் நான் உட்காரவேண்டும்.

கார்னிவலுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கிளப்பும் தன் வண்டியைக் கடைசிவரை வெளியில் காட்டாது. நாங்களும் கொச்சங்காடியில் பழைய மிளகு கிடங்கு ஒன்றில் கதவைச் சாத்திக்கொண்டு கட்டினோம். முன்னால் அட்டையிலும் சாக்கிலும் மரப்பொந்து, பின்னால் தங்கக் காகிதம் ஒட்டிய மாளிகை, அதற்குள் அனீஷின் சிம்மாசனம். அனீஷுக்கு மாளிகை எவ்வளவு உயர்ந்தாலும் போதவில்லை. அடுக்குமேல் அடுக்காக ஏற்றினோம். ரகசியம் காப்பதிலேயே குறியாக இருந்ததில், கிடங்குக் கதவு எவ்வளவு உயரம் என்று ஒரு மகராசனும் பார்க்கவில்லை.

ஊர்வலத்தன்று காலையில் வண்டியைத் தள்ளினால், மாளிகை நிலைப்படியில் இடித்துக்கொண்டு நின்றுவிட்டது.

"சேச்சி, பிரஸ்னமாயிட்டு" என்று சஜி தலையில் கைவைத்தான். வேறு வழியில்லை, மாளிகையை அறுத்தோம். மிஞ்சியது மரப்பொந்து மட்டும்.

"தோத்து ஒளிஞ்சிருக்கிறதுக்கா நான் வேஷம் கட்டினேன்? என்னெக்கொண்டு பற்றில்ல, முடியாது" என்று அனீஷ் தலைக்கவசத்தைக் கழற்றி வீசிவிட்டுத் தன் பட்டாளத்தோடு கிளம்பிப் போனான். வண்டி தள்ள இருந்த ஆட்களில் பாதிப்பேர் அவன் பின்னால் போய்விட்டார்கள்.

நான் தலைக்கவசத்தை எடுத்தேன். தொளதொளவென்றிருந்தது. உள்ளே துண்டைச் சுற்றி மாட்டிக்கொண்டு பொந்துக்குள் ஏறி உட்கார்ந்தேன்.

"சேச்சி, ஒளிஞ்ச சீனை ஆரு காணும்?" என்றான் சஜி.

"எல்லாரும் காணட்டும். ஒளிஞ்சவன்தானே அப்புறம் நாடாண்டான்? தள்ளுடா!"

தள்ளினார்கள். தெருமுனை தாண்டுவதற்குள் மூச்சு வாங்கியது. என் தம்பி பிச்சைமணி இடக்கொச்சியில் கொத்தனார் வேலை பார்க்கிறான். அவன் போன் போட்டதும் கூட வேலைசெய்கிறவர்கள் பைக்கில் வந்து இறங்கினார்கள். சாயாக்கடை யூசுப் வெளியே வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இதாரு?"

"ஜப்பான் ராஜாவு. தோத்து ஒளிச்சிருக்கு" என்றான் சஜி.

"என்னா ஞானும் வராம்" என்று கடையைச் சாத்திவிட்டு வந்தார். அவருடைய தாடிக்காகவே எட்டிப் பார்க்கும் எதிரி வீரன் வேஷத்தை அவருக்குக் கொடுத்தோம். போகப்போக ஆள் கூடியது. மார்க்கெட் ஆட்கள், எங்கள் காலனிப் பெண்கள், பெயர் தெரியாதவர்கள். ஊர்வலம் கிளம்பும் மைதானத்துக்கு வந்தபோது வண்டிக்குப் பின்னால் தெரு நிறைந்திருந்தது. 

அங்கே அனீஷ் நின்றான். கூட்டத்தைக் கண்டதும் மனசு மாறிவிட்டது போலும், பட்டாளத்தோடு முன்னால் வந்தான். "சரி சேச்சி, எறங்கு. இனி நான் கேறிக்கிறேன்."

எனக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது.

"இப்பத்தான் வர்றதா? சேனை பொறப்பட்டு இம்புட்டுத் தூரம் வந்தாச்சு, தொரைக்கு இப்பத்தான் விடிஞ்சுதா? லேட்டா வந்தவனுக்கு முன்னால என்ன வேலை? பின்னால போயி தள்ளு!"

 அனீஷ் கூட்டத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அப்புறம் பின்னால் போய் வண்டியில் கைவைத்தான். அவன் பட்டாளமும் போனது.

சஜி என் காதருகே வந்து குதித்தான். "சேச்சி, இதே நடந்திருக்கு! தோத்துக் கெடந்தவன்கிட்ட ஒரு பிரபு பெரிய படையோட லேட்டா வந்தான். யோரிடோமோ சந்தோஷப்படல, திட்டினான்! இவன்தான் தலைவன்னு அந்தப் பிரபு அப்படியே அடங்கிட்டான்!"

சத்தியமாக எனக்கு அது தெரியாது. எனக்குக் கோபம் வந்தது, அவ்வளவுதான்.

ஊர்வலம் நகர்ந்தது. செண்டை காதைப் பிளந்தது. கலர்க் காகிதம் முகத்தில் ஒட்டியது, முழங்கால் மரத்தது, எறும்பு ஒன்று கழுத்தில் ஏறிக் கடித்தது. நான் அசையவில்லை. யூசுப் வில்லோடு குனிந்து என்னையே பார்த்தபடி சிலையாக நின்றார். வேடிக்கை பார்த்தவர்கள் எங்களருகே வந்ததும் தாங்களாகவே பேச்சை நிறுத்தினார்கள். பரிசுக் குழு மேடையைக் கடந்தபோது ஒரு கைதட்டல் தொடங்கியது, அது தெருக்கோடிவரை போனது.

முதல் பரிசு உதயம் கிளப்புக்கு. எங்கள் கிளப்புக்கு முதல்தடவை. நான் பொந்துக்குள்ளேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

"ஷோகன் மேடைக்கு வரணும்!" என்று ஒலிபெருக்கி கூப்பிட்டது. மரத்த காலோடு எழுந்தேன். வண்டியிலிருந்து நேராக மேடைக்கு ஏறவேண்டும், இடையில் படியில்லை. கீழே அனீஷ் குனிந்து தோளைக் கொடுத்தான்.

அதில் கால்வைத்துத்தான் ஏறினேன். கொஞ்சம் அழுத்தியே வைத்தேன்.