கேமரா ஓரத்தில் உட்கார்ந்த வில்லன்

நாற்பது ஆண்டுகளாகக் கதாநாயகனாக நடித்தவருக்கு அன்று சின்ன வசனம் ஒன்று மனதில் நிற்கவில்லை. திரும்பத் திரும்பப் பாதியில் நின்றுவிட்டார். இன்னொரு முறை தடுமாறினால், பெரியவருக்கு மறதி வந்துவிட்டது என்று பேச்சாகிவிடும். அப்புறம் யார் கூப்பிடுவார்கள்?

சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு, அதே வசனத்துக்கு அவர் முகம் மட்டும் தெரியும் ஷாட். வில்லன் நடிகருக்கு அதில் வேலையில்லை. வழக்கமாகக் காருக்குள் போய்த் தூங்கிவிடுவார். அன்றோ நாற்காலியை இழுத்துப் போட்டு, மற்றவர்களுக்கு முதுகைக் காட்டிக் கேமரா ஓரமாக உட்கார்ந்துகொண்டார்.

“நீ போய்ப் படுக்கலையாடா?”

“எத்தனை படத்துல உங்ககிட்ட அடி வாங்கியிருக்கேன்ணே. நீங்க முழிக்கிறதை ஒரு தடவையாவது கண்ணாரப் பார்க்க வேணாமா?”

எல்லோரும் சிரித்தார்கள். பெரியவருக்குச் சுருக்கென்றது. கடவுளை நினைத்துக்கொண்டு பேசத் தொடங்கினார். இரண்டாவது வரியில் நா எழவில்லை. தவித்த கண் வில்லன்மேல் விழுந்தது. அவருடைய உதடுகள் சத்தமில்லாமல் அந்த வரியைச் சொல்லிக்கொண்டிருந்தன. அதைப் பிடித்துக்கொண்டே பெரியவர் கடைசிவரை போய்விட்டார்.

“ஷாட் ஓகே” என்றார் இயக்குநர்.

பெரியவர் வந்து வில்லனின் கையைப் பிடித்துக்கொண்டார். “என் வசனத்தை எப்படா பாடம் பண்ணினே?”

“சாப்பாட்டு நேரத்துல. உங்களைப் பெரிய ஆளாக் காட்டுறதுதானேண்ணே என் பொழப்பு. இன்னைக்கு மட்டும் விட்டுடுவேனா?”

தான் கூப்பிட்ட கடவுள் யாரை அனுப்பியிருக்கிறார் என்று நினைக்கப் பெரியவருக்குச் சிரிப்பு வந்தது. காலையிலிருந்து எடுக்காத பசியும் கூடவே வந்தது.